காகிதம் மடிப்பில் நிற்க வேண்டும்

அந்த பனியன் கம்பெனியில் எனக்கென்று தனி அறை இருந்தது. கண்ணாடிச் சுவர், ஏசி, கதவுக்கு வெளியே 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒரு போர்டு. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குக் கோயிலுக்குக் கொடுக்கிற மரியாதை கொடுத்தார்கள். மரியாதை கொடுத்தார்களே தவிர உள்ளே யாரும் வரவில்லை. காலையில் கதவுக்கு வெளியே என் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். சாயந்தரமும் அந்த ஒரு ஜோடிதான் கிடக்கும்.

சேவூரிலிருந்து அவினாசி, அவினாசியிலிருந்து திருப்பூர், அங்கிருந்து அருள்புரம் என்று மூன்று பஸ் மாறி வருவேன். வந்து சேரும்போது தலையில் வைத்த பூ பாதி உதிர்ந்திருக்கும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருந்தேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் அந்தப் படிப்பைப் படித்த பெண் நான் ஒருத்திதான். அதனால் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்ச புள்ள பால் கறக்குமுங்களா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். கறக்கும் என்று அம்மா சொல்வாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஏன் வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், அதுவும் இல்லை.

மத்தியானம், தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் பெண்கள் மேஜைக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். நகர்ந்து இடம் விட்டார்கள். "வாங்க கண்ணு, ஏசியில உக்காந்து கையெல்லாம் வெறைக்கிலீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆபீஸ் பெண் வந்துவிட்டதென்று நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்துவிட்டது. மாடியில் இருந்த மெர்ச்சண்டைசர்கள், அதாவது வெளிநாட்டு பையர்களிடம் பேசி ஆர்டர் பார்க்கிறவர்கள், இங்கிலீஷில் பேசி இங்கிலீஷில் சிரிப்பார்கள். நான் அங்கேயும் சேர்த்தி இல்லை. மறுநாளிலிருந்து கண்ணாடி அறைக்குள்ளேயே சாப்பிட்டேன்.

என் வேலை பேக்கிங் லிஸ்ட் அடிப்பது. எந்த அட்டைப் பெட்டியில் எந்த சைஸ், என்ன கலர், எத்தனை பீஸ் என்று வரிசையாக அச்சாகிப் பெட்டிகளோடு போக வேண்டும். இரண்டு பக்கமும் துளை வைத்து, மடிப்பு மடிப்பாக வருகிற நீளக் காகிதத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கறகறவென்று அடிக்கும். நான் செய்த வேலைக்கு அந்த அறையில் கிடைத்த ஒரே பதில் அந்தச் சத்தம்தான். லிஸ்ட் சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தப்பாக இருந்தால் முதலாளி கண்ணாடியைத் தட்டுவார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், நான் செய்த ஒன்றை யாராவது ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால் போதும் என்று இருக்கும். எனக்கு அப்போது இருந்த ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஒரு பழைய கம்ப்யூட்டரை மூலையில் போட்டிருந்தார்கள். சர்வீஸுக்கு வந்தவர் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதை அந்தக் கிழட்டு மெஷினில் ஏற்றி, லிஸ்ட் அடிக்கிற வேலையை அதற்குக் கொடுத்தேன். அந்த சிடியில் காகிதத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அடிக்கிற சின்ன புரோகிராம் ஒன்று இருந்தது. அதைச் செய்தவர் அதன் உள்ளே எழுதியிருப்பதையும் சேர்த்தே கொடுத்திருந்தார். யாரும் திறந்து பார்க்கலாம், தப்பு கண்டுபிடித்தால் திருத்தி அனுப்பலாம் என்று ஒரு மெயில் விலாசமும் போட்டிருந்தார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. எங்கள் ஊரில் பக்கத்துக் கம்பெனியின் கட்டிங் மேஜையை எட்டிப் பார்த்தாலே சண்டைக்கு வருவார்கள்.

அதில் ஒரு தப்பு இருந்தது. கடைசிப் பக்கம் மிச்சமில்லாமல் நிரம்பிவிட்டால், அதற்குப் பிறகு ஒரு வெற்றுத் தாளையும் தள்ளிவிடும். பக்கம் நிரம்பியதும் ஒரு தடவை தள்ளும், வேலை முடிந்தது என்று இன்னொரு தடவை தள்ளும். வெள்ளைத் தாளைப் பார்த்தாலே முதலாளிக்குக் கோபம் வரும். கண்ணாடியைத் தட்டி, "ஏனம்மிணி, காயிதம் என்ன நம்ம தோட்டத்துலயா வெளையுது?" என்பார். அந்த சாக்கில் உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடித்தேன். நிரம்பியதும் தள்ளியிருந்தால் கடைசியில் மறுபடி தள்ளாதபடி திருத்தியும்விட்டேன். தாள் வீணாவது நின்றதும் முதலாளி கண்ணாடியைத் தட்டுவதும் நின்றது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

திருத்தத்தை அந்த விலாசத்துக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. பையர்களுக்கு மெயில் போட கம்பெனியில் மோடம் இருந்தது. டயல் செய்தால் கீச்சுக் கீச்சென்று கத்தி, மூன்று தடவைக்கு ஒரு தடவை ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவகாசம் அதிகமில்லை. தீபாவளி போனஸ் முடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து புதிய சாப்ட்வேர் வரப்போகிறது, பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம், மெயிலையும் மாடிக்கே கொண்டுபோய்விடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் என் திருத்தம் அந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்து, அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடந்தால் எங்கோ ஒருவர் நான் செய்ததைப் பார்த்திருக்கிறார் என்று ஆகும்.

திருத்தத்தை முழு புரோகிராமாக அனுப்பக் கூடாது. பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் ஒப்பிட்டு, எடுத்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு, மாறிய இடத்தை மட்டும் அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் பேட்ச். சிடியிலேயே படித்துத் தெரிந்துகொண்டேன். சுத்தமான பேட்ச் அனுப்பவும் என்று அதில் எழுதியிருந்தது. சுத்தத்தைப் பற்றி எனக்கா சொல்லித் தர வேண்டும் என்று நினைத்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு ஒரு பீஸ் வந்தால், கழுத்தில் இருக்கிற ஒரு தையலைச் சரிசெய்யத்தான் வந்திருக்கும். ஆனாலும் கையில் எடுத்தவள் தொங்குகிற பிசிறையெல்லாம் வெட்டி, எண்ணெய்க் கறையைத் துடைத்து, அயர்ன் போட்டு, மடித்துத்தான் கீழே வைப்பாள். நானும் அப்படியே செய்தேன். தப்பைத் திருத்திய கையோடு, கோணலாக நின்ற வரிகளை எல்லாம் நேராக்கினேன். அவர் தப்பும் தவறுமாக எழுதியிருந்த இங்கிலீஷைத் திருத்தினேன். வேண்டாத வெற்று வரிகளை எடுத்தேன். புதுச் சட்டை மாதிரி மடித்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நீங்கள் எதை மாற்றினீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை, புரோகிராம் முழுவதும் மாறியிருப்பதாகக் காட்டுகிறது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி அனுப்ப முடியுமா என்று இரண்டே வரி. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவருடைய குப்பையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தால் அதற்கு இந்தப் பேச்சா என்று இருந்தது. கோபத்தோடு பேட்சைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கழித்தல், பக்கம் பக்கமாகக் கூட்டல். நான் திருத்திய ஒரு வரி அதற்குள் எங்கே இருக்கிறது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் சுத்தம் வேறு, அவர்கள் சுத்தம் வேறு. தொட வேண்டியதைத் தொட்டுவிட்டு மற்றதன்மேல் கை படாமல் வருவதுதான் அங்கே சுத்தம்.

புதிதாக எடுத்து, ஒரு வரியை மட்டும் மாற்றி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. அவருடைய புரோகிராமில் பேட்ச் ஒட்டவில்லையாம். எங்கள் மெயில் நீளமான வரிகளை அதன் இஷ்டத்துக்கு உடைத்திருந்தது, வரிகளுக்கு முன்னால் இருந்த இடைவெளியை எல்லாம் மாற்றியிருந்தது. அடுத்த தடவை நான் ஏமாறவில்லை. பேட்சை மெயிலுக்குள் எழுதாமல் தனி ஃபைலாக இணைத்து, முதலில் கம்பெனி விலாசத்துக்கே அனுப்பி, வந்ததை எடுத்து, கை படாத ஒரு நகலில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு அனுப்பினேன். பார்சல் கட்டுவதற்கு முன் இவ்வளவு பார்த்தது அந்தக் கம்பெனியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு சாம்பிள் விவகாரம் நடந்தது. ஒரு டி-ஷர்ட்டின் தோளில் எங்கள் ஆட்கள் உள்பக்கம் ஒரு பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். பட்டி வைத்தால் துவைக்கத் துவைக்கத் தோள் இழுபடாது. தோளில் ஏன் பட்டி என்று பையர் ஃபேக்ஸில் கேட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் காரணத்தை விளக்கி ஒரு ஃபேக்ஸ் டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். முதலாளி அதை வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்தார். "ஏன்னு பையர் கேட்டா எடுத்துருன்னு அர்த்தமுங்க. வெளக்கம் சொல்லி ஆர்டரத் தொலைக்கோணுமா?" என்றார். பட்டி இல்லாமல் தைத்து அனுப்பினார்கள். 'தங்கள் கருத்தை நன்றியுடன் குறித்துக்கொண்டோம், அதன்படி மாற்றியுள்ளோம்' என்று இங்கிலீஷில் நான்தான் டைப் அடித்தேன். அந்த வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். திருப்பூரில் பாதிப் பேர் சொல்வார்கள்.

மூன்றாவது பேட்சுக்குப் பதில் வந்தது. சுத்தமாக ஒட்டுகிறது, நன்றி என்று முதல் வரி. படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பக்கம் நிரம்பியதுமே காகிதத்தைத் தள்ளுவதை அப்படியே விட்டிருக்கிறீர்களே, ஏன்? அடுத்த வரி வரும்வரை காத்திருந்து தள்ளினால் புரோகிராம் இன்னும் எளிமையாக இருக்குமே?

ஏன் என்று கேட்டுவிட்டார்.

என்னிடம் காரணம் இருந்தது. அவர் சொன்ன மாதிரிதான் நான் முதலில் செய்து பார்த்தேன். எங்கள் அறையில் யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், பிரின்டருக்குக் கிடையாது. ஒரு பக்கம் அடித்ததும் அடுத்த பக்கத்துக்கான கணக்கைச் சேர்க்க அந்தக் கிழட்டு மெஷினுக்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கரண்டு போகும். ஜெனரேட்டர் போட்டதும் பிரின்டருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. காகிதம் எங்கே நிற்கிறதோ அதுதான் புதுப் பக்கத்தின் தலை என்று நினைத்துக்கொள்ளும். காகிதம் சரியாக மடிப்பில் நின்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. அடித்த பக்கத்தின் அடியில் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு வருகிற லிஸ்ட் எல்லாம் மடிப்பின் குறுக்கே விழும், தலைப்பு ஒரு தாளிலும் கணக்கு இன்னொரு தாளிலும் போகும். அதனால்தான் நிரம்பிய உடனே தள்ளிவிட வேண்டும். காகிதம் எப்போதும் மடிப்பில் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சொல்லைக்கூட நான் எழுதவில்லை. 'தங்கள் கருத்தை நன்றியுடன் குறித்துக்கொண்டோம்' என்று ஆரம்பித்து, அவர் கேட்டபடியே மாற்றி, அனுப்பிப் பார்த்து, ஒட்டிப் பார்த்து, மிகச் சுத்தமான பேட்ச் ஒன்றை அனுப்பிவிட்டேன். அது எங்கள் கம்பெனியிலேயே உதவாது என்று தெரிந்தே அனுப்பினேன். அன்று சாயந்தரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அழுகை அழுகையாக வந்தது. ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை.

தீபாவளி போனஸ் கொடுத்தார்கள். ஆட்கள் ஊருக்குப் போய் வந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து புது மெஷின் வந்து பெட்டியோடு அறையில் இறங்கியது. அன்றைக்குத்தான் கடைசியாக மெயிலைத் திறந்தேன். அவருடைய பதில் இருந்தது:

மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, நீங்கள் யோசித்துத்தான் செய்திருப்பீர்கள் என்று தோன்றியது, அந்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டேன். கடைசி இரண்டு பேட்சையும் அப்படியே வைத்திருக்கிறேன். சொன்னால் நன்றாக இருக்கும்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னிடம் ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரும் திட்டுவதற்காகக் கேட்டவர்கள். தெரிந்துகொள்வதற்காக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நான் காதில் வாங்காமல் நன்றி சொல்லி மாற்றி அனுப்பியிருக்கிறேன். புது மெஷின்காரர் கதவுக்கு வெளியே ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டைப் அடித்தேன். யுபிஎஸ், ஜெனரேட்டர், மடிப்பு, கரண்டு இல்லாத நேரத்தில் பிரின்டர் மறந்துபோவது எல்லாவற்றையும் எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை. கரண்டு போனால் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும், அப்போதுதான் செக்கிங் பெண்கள் பேசுகிற சத்தம் என் அறைக்குக் கேட்கும் என்றுகூட எழுதினேன். அவருக்கு அது எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் அழிக்கவில்லை. மோடம் இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு மூன்றாவது தடவை ஒட்டியது. கடிதம் போனது. பிறகு எழுந்து இடம் விட்டேன்.

அவர் பதில் போட்டிருந்தாலும் மாடிக்குத்தான் போயிருக்கும். பையர் இல்லாத மெயிலை மாடியில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு தடவை கூச்சத்தை விட்டுப் போய்க் கேட்டேன். அந்த மாதிரி ஒன்றும் வரவில்லையே என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொன்னார்கள்.

அடுத்த தை மாதம் மங்கலத்தில் விசைத்தறி போட்டிருந்த குடும்பத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. பால் கறக்குமா என்று அவர்கள் கேட்கவில்லை. இவர் நல்ல மனிதர், ஆனால் பேச்சு குறைவு. குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா இரண்டு பக்கமும் போய் மோதுகிற தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேசிப் பழக்கம் இருக்காது. கொட்டகையில் கத்திப் பேசியே ஓய்ந்துபோய் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் பேசாமல் இருக்கப் பழகினவள்தான். ஆக, இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்தோம். சண்டை கிடையாது.

இரண்டாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திருப்பூரில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போனவள், பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த புரோகிராமைத் தேடினேன். அதன் புதிய பதிப்பு ஒன்று வந்திருந்தது. உள்ளே திறந்து, என் இடத்துக்கு நேராகப் போனேன். இருட்டிலும் வழி தெரிந்த வீடு மாதிரி எனக்கு அது.

நான் முதலில் அனுப்பிய வழிதான் இருந்தது. பக்கம் நிரம்பியதும் தள்ளுகிற வழி. அதற்கு மேலே, அவருடைய தப்பும் தவறுமான இங்கிலீஷில் ஒரு குறிப்பு: இதை எளிமையாக்க வேண்டாம். மின்சாரம் நின்று நின்று வருகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே காகிதம் மடிப்பில் நிற்க வேண்டும்.

பெயர் எதுவும் இல்லை. நான் கடிதத்தில் பெயர் போட்டேனா என்றே எனக்கு நினைவில்லை. அந்த மூன்று வரியைப் படித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒருவர் யாருக்கோ மெயில் அடித்துக்கொண்டிருந்தார். இதைப் பாருங்கள் என்று அவரிடம் காட்டலாம் போல இருந்தது. முகம் தெரியாதவரிடம் என்னவென்று சொல்லிக் காட்டுவது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்டு இல்லை. தறிகள் நின்றிருந்தன. இவர் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அம்மிணி, இத்தன நேரம்?" என்றார்.

பஸ் கிடைக்கவில்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தப்பு செய்தவள் போல மன்னிப்புக் கேட்கவும் தயாராகிவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கிறார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். பிரின்டர் பற்றி, கரண்டு போனால் அது மறந்துபோவது பற்றி, மடிப்பு பற்றி. கம்ப்யூட்டர் தொட்டறியாத மனிதரிடம் இதைச் சொல்கிறோமே என்று பாதியில் தயக்கமாகவும் இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம தறியும் அப்படித்தான்" என்றார். "நாடா குறுக்க ஓடறப்ப பாதியில கரண்டு போச்சுன்னா பாவு நூலெல்லாம் அந்துரும். ஓரத்துப் பொட்டியில போய் நின்னுட்டா ஒண்ணும் ஆகாது."

"ஆமாங்க" என்றேன். "அதேதானுங்க."

கரண்டு வந்தது. தெருவில் ஒவ்வொரு கொட்டகையாகத் தறி ஓட ஆரம்பித்தது. இவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தவர் சேரை என் பக்கமாக இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார், தறிச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்கிற மாதிரி.

அந்தக் கதை அதோடு முடிந்திருந்தது. அதற்கு அப்புறம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டார், காத்துக்கொண்டும் இருந்தார். அதனால் நான் கண்ணாடி அறைக்கு வெளியே கிடந்த ஒரு ஜோடிச் செருப்பிலிருந்து ஆரம்பித்தேன்.